பராத்தின் கோட்டு விளிம்பு

பராத்தின் கோட்டுக்குக் கீழ்விளிம்பு கிடையாது. வாங்கிய புதிதில் முழங்காலைத் தொட்ட கோட்டு என்று சொல்வார்கள். எனக்கு நினைவு தெரிந்து அது இடுப்புக்குச் சற்றுக் கீழே, எலி கொறித்த ரொட்டி மாதிரி மேலும் கீழுமாக நின்றது. கொறித்தது எலி இல்லை. எங்கள் ஊர்தான்.

சியாஹ்தக்கில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், ஆட்டுக்குப் பால் வற்றினால், புதுப்பெண் தறியில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சரிந்தால், அந்த வீட்டிலிருந்து யாராவது கைக்குள் ஒரு சின்னக் கத்தரிக்கோலை மறைத்துக்கொண்டு பராத்தின் பின்னால் வந்து நிற்பார்கள். ரொட்டி அடுப்பு வரிசையில் நிற்பார்கள், கால்வாய்ப் படியில் நிற்பார்கள், மசூதி வாசலில் செருப்பைத் தேடுவது போல் குனிவார்கள். சரக் என்று ஒரு சத்தம். விரல் நீள நூல் ஒன்று போய்விடும். அதைத் தணல் சட்டியில் போட்டு, மேலே ஒரு பிடி இஸ்பந்து விதையைத் தூவினால் விதை படபடவென்று வெடிக்கும். புகை வரும். கண் போட்டவனின் துணி எரிந்தால் அவன் போட்ட கண்ணும் எரிந்துபோகும்.

பராத் திரும்ப மாட்டார். திரும்பினால் கத்தரித்தவர் மேல் இன்னொரு தரம் கண் விழுமே என்ற பயம். விளிம்பு இழுபடுவது தெரிந்ததும், நாவிதன் முன்னால் உட்கார்ந்தவர் போல அசையாமல் நின்றுகொடுப்பார். வேலை முடிந்ததும் நடப்பார்.

அந்த இஸ்பந்து விதையும் அவர் அறுத்துக் கொண்டுவந்ததுதான்.

இஸ்பந்தை யாரும் பயிர் செய்வதில்லை. ஆடு தொடாது, ஒட்டகமும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். எல்லாவற்றையும் மேய்ந்து முடித்த பொட்டலில் அது மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புதராக, கொஞ்சம் வெட்கமில்லாத பச்சையோடு நிற்கும். கசக்கினால் கை நாறும். பராத் ஒருத்தர்தான் அதற்குப் பாத்தி கட்டினார். கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால், பூகம்பத்தில் விழுந்த பழைய ஊரின் மண்மேடுகள் இருக்கின்றன. அங்கே கல்லைப் பிறை வடிவில் அடுக்கி, வருஷத்துக்கு ஓரிரு தரம் வரும் வெள்ளத்தை நிறுத்தி, நல்ல நெற்றாகப் பார்த்து விதை தூவினார். வேரைத் தொடாமல் தலையை மட்டும் அறுப்பார். ஒரு பாத்தியை அறுத்தால் அடுத்த வருஷம் அதைத் தூங்கவிடுவார். கோடையின் தொடக்கத்தில் காய் பச்சையாக, பட்டாணி அளவில் இருக்கும்போது கொஞ்சம் பறிப்பார். அது ஊசியில் கோத்துச் சரம் கட்ட. பச்சையில் கோத்த காய் காய்ந்தாலும் வாய் திறக்காது. மிச்சத்தைப் பழுக்கவிட்டு, பனி ஈரம் இருக்கும் விடியலில் அறுப்பார். வெயில் ஏறிவிட்டால் நெற்று வெடித்து விதையெல்லாம் மண்ணுக்குப் போய்விடும்.

விதைக்குப் பல கைகள் காத்திருந்தன. புகைக்கு ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். கம்பளம் நெய்கிறவர்கள் சிவப்புச் சாயத்துக்கு வாங்குவார்கள். மூட்டுவலிக்காரக் கிழவர்கள் சிட்டிகை அளவு தேநீரோடு விழுங்குவார்கள். சிட்டிகைக்கு மேல் விழுங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள். செத்தவர்களைப் பார்க்க வேண்டும் என்கிறவன்தான் அப்படி விழுங்குவான்.

பராத் ஒரு தரம் விழுங்கியிருக்கிறார். அதை என்னிடம் சொன்னது என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான். எதிரே முகம் இல்லாவிட்டால் அவர் பேசுவார். அப்போது நான் நகரத்திலிருந்து ஊருக்கு மண்ணெண்ணெய் டின் ஏற்றிவந்து, திரும்பும்போது அவருடைய மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

மீசை அரும்பிய வயதில் அவருக்குக் கண் போடுகிறவர் என்ற பெயர் வந்தது. சஃபர் என்ற கடைக்காரனின் அப்பா புது ஒட்டகம் ஒன்று வாங்கி வந்து நிறுத்தியிருக்கிறார். பராத் வாய் தவறி, "அடேயப்பா, என்ன ஒட்டகம்!" என்றிருக்கிறார். கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாவைச் சொல்ல மறந்துவிட்டது. அன்று சாயங்காலமே ஒட்டகம் தூர்ந்த கிணற்றுக்குள் கால் விட்டு முறித்துக்கொண்டது. அவருடைய கண் வேறு சாம்பல் கலந்த நீலம். எங்கள் பக்கம் அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்குவார்கள். உப்புக் கண் என்று சொல்லிவிட்டார்கள். பட்ட இடம் கரித்துப்போகும், உப்பு பட்ட நிலம் மாதிரி.

ஊர் நம்பியது ஒட்டகத்தால். பராத்தே நம்பியது அவருடைய அம்மாவால். தறியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த அம்மாவிடம், "உன் குரல் எவ்வளவு நல்லா இருக்கும்மா" என்று சொன்னார். குளிர்காலம் முடிவதற்குள் தொண்டையில் கட்டி வந்து போய்விட்டாள்.

"அப்புறம் ஒருத்தன் சொன்னான், இஸ்பந்தை ஒரு கை அள்ளி முழுங்கு, கண்ணுல இருக்கிற உப்பெல்லாம் வாந்தியில வந்துடும்னு. முழுங்கிட்டேன், யதுல்லா. கொஞ்ச நேரத்துல சுவரு மூச்சு விட ஆரம்பிச்சுது. கையை ஆட்டினா பின்னாடியே பத்துக் கை வருது. எல்லாத்தையும் பிடிக்கணும்னு காத்தைப் பிடிச்சேன். குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. உடம்பு நடுங்குது. தூக்கம் வேற கிணறு மாதிரி இழுக்குது. தூங்கியிருந்தா எழுந்திருக்க மாட்டேன்."

"அம்மாவைப் பார்த்தியா, மஷ்தி?" என்று கேட்டேன். மஷ்ஹதுக்கு நடந்தே யாத்திரை போய் வந்தவர் என்பதால் எல்லோரும் அவரை மஷ்தி என்றுதான் கூப்பிட்டோம்.

"பார்த்தேன். அவ என்னைப் பார்க்கல. முகத்தைத் திருப்பிக்கிட்டா."

அதற்குப் பிறகு அவர் பார்வையைத் தரையிலேயே வைத்துக்கொண்டார். ஊரில் யாருடைய செருப்பு எது என்று அவருக்குத் தெரியும். முகம் தெரியாது. சஃபர் கடையில் மூட்டையை இறக்கும்போது சஃபர் கத்துவான்:

"மஷ்தி, அந்தப் பக்கம் சர்க்கரை இருக்கு, பார்த்துடாதே! எறும்பு வந்துடும்!"

கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கையால் மார்பை மூடிக்கொள்வார்கள்.

தலை நரைத்த பிறகுதான் கல்யாணம். சனோபர் விதவை, உப்புப் பாலைக்கு அந்தப் பக்கத்து ஊர், கம்பளம் நெய்கிறவள். தரகுக்காரி நியாயமாகவே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சனோபர் சொன்ன பதில் எங்கள் ஊர்வரை வந்தது: "என் புருஷன் போனதுலேர்ந்து என்னை யாருமே பார்க்கல. ஒருத்தன் கண்ணாவது படட்டுமே."

வந்தாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முற்றத்தில் நான் டின் இறக்கிக்கொண்டிருந்தபோதே கேட்டாள்:

"மஷ்தி, நீ என்னைக் கட்டிக்கிட்டியா, என் செருப்பைக் கட்டிக்கிட்டியா?"

பராத் செருப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

அவள் அந்தக் கோட்டில் கத்தரி வைத்ததே இல்லை. ஊர் கத்தரித்த இடத்தையெல்லாம் கம்பள நூலால் மடித்துத் தைப்பாள். சிவப்பு, மஞ்சள் என்று எந்த நூல் மிச்சமோ அந்த நூல். ஊர் மறுபடி கத்தரிக்கும். அவள் மறுபடி தைப்பாள்.

பிறகு அவள் உண்டானாள். பராத்துக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது. வயிறு தெரியத் தொடங்கியதும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், வைக்கோல் அறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டார். பெண் பிறந்தாள். மருத்துவச்சி துணியில் சுற்றி எடுத்துவந்து நீட்டியபோது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"மூக்கு யாரு மாதிரி?" என்று சுவரைக் கேட்டார்.

"உன்னை மாதிரிதான்."

"கண்ணு?"

மருத்துவச்சி துணியைக் குழந்தையின் நெற்றிவரை இழுத்துவிட்டாள். "பிறந்த குழந்தைக்குக் கண்ணெல்லாம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் மாறும்" என்றாள்.

மாறவில்லை. அதை அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

நெகார் என்று பெயர் வைத்தார்கள். அவள் தவழத் தொடங்கும் வரைக்கும் பராத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் நகரத்தில் நம்ப மாட்டார்கள். தூக்குவார், தூக்கியதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பல் முளைத்ததை விரலை விட்டுத் தெரிந்துகொண்டார். அவள் தும்மினால் போதும், வைக்கோல் அறையிலிருந்து குரல் வரும்:

"சனோபர், இன்னொரு சரம் கட்டு."

தூளிக்கு மேலே இஸ்பந்துச் சரம் தொங்குவது எங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. காயும் கலர்த்துணியுமாக, பட்டம் மாதிரி ஒன்று. நெகாரின் தூளிக்கு மேலே ஒரு கூரையே தொங்கியது. சளி பிடித்தால் ஒரு சரம், வயிறு போனால் ஒரு சரம். யாராவது விருந்தாளி வந்து போனாலும் ஒரு சரம். சனோபர் அலுத்துக்கொள்வாள். ஆனால் கட்டிவிடுவாள். அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. கண்ணுக்குத்தான் பயப்படுகிறோம் என்று அவள் சொன்னதில்லை. முதலில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஏற்கனவே ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவள் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அது குங்குமப்பூ இன்னும் தலைகாட்டாத இலையுதிர் காலத்தின் தொடக்கம். காலையில் மூட்டை ஏற்றப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே பெண்களின் குரல் கலவரமாகக் கேட்டது. பராத் முற்றத்தில் நின்றிருந்தார். அறைக்கு முதுகு காட்டி, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு.

"என்ன ஆச்சு, மஷ்தி?"

"விடிஞ்சதுலேர்ந்து வாந்தி. கண்ணைத் திறக்க மாட்டேங்குறாளாம்." சுவரைப் பார்த்தே சொன்னார். "நேத்து சாயங்காலம் சிரிச்சா, யதுல்லா. சத்தமா. நான் திரும்பிட்டேன்னு நினைக்கிறேன். பாதி திரும்பிட்டேன். அவ காது தெரிஞ்சுது."

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே புகை அடர்ந்து நின்றது. பீபி ஹாஜர் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் முட்டை உடைக்கிறவள் அவள்தான். கண் யாருடையது என்று தெரியாதபோது முட்டையைக் கேட்பார்கள். முட்டை மேல் கரியால் வட்டம் போடுவாள், வட்டத்துக்கு ஒரு பெயர். பிறகு அதைத் துணியில் சுற்றி, இரண்டு முனையிலும் உள்ளங்கையை வைத்து, பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுத்துவாள். எந்தப் பெயருக்கு உடைகிறதோ, கண் அவருடையது.

"சஃபர் பெண்டாட்டி," என்றாள் பீபி ஹாஜர். அழுத்தினாள். உடையவில்லை.

"நான் போன வாரம் வந்ததுதான்! நான் ஒண்ணும் சொல்லல!" என்று ஒரு மூலையிலிருந்து சஃபரின் மனைவி பதறினாள்.

"சும்மா இரு. உன்மேல உடையல இல்ல? மருத்துவச்சி." உடையவில்லை. "ரொட்டிக்காரன் மக." இல்லை. "தெருவுல போனவன், வழியில பார்த்தவன்." இல்லை.

ஒரு பெயர்தான் பாக்கி. அதைச் சொல்லாமலே எழுந்து போய்விட மாட்டாளா என்று எனக்குத் தோன்றியது. சுவரில் நெற்றியை வைத்திருந்தவரின் தோள் குறுகிக்கொண்டே வந்தது.

"குழந்தையோட அப்பன்," என்றாள்.

துணிக்குள் ஒரு சின்னச் சத்தம். மஞ்சள் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

அறையிலிருந்து சனோபர் வெளியே வந்தாள். முக்காடு நழுவியிருந்தது, தலையில் புகை நாற்றம். தறிக்கு வைத்திருக்கும் பெரிய கத்தரிக்கோல் கையில். பராத் அவள் செருப்புச் சத்தத்தைக் கேட்டார். திரும்பவில்லை. எல்லோருக்கும் நின்றுகொடுத்த மாதிரியே நின்றுகொடுத்தார். அவள் தானே தைத்த சிவப்பு நூலை, மடிப்போடு, துணியோடு, ஒரு கை நீளத்துக்கு வெட்டினாள். வெட்டும்போது அவள் வாய் கோணியது. உள்ளே போய்விட்டாள்.

துணி எரியும் நாற்றம் முற்றத்துக்கு வந்தது. உள்ளே குழந்தை மறுபடி வாந்தி எடுப்பது கேட்டது.

"நான் பாலைக்குப் போயிடறேன்," என்றார் பராத். "தூரமாப் போயிட்டா சரியாயிடும். நீ போய்ப் பாரு, யதுல்லா. எப்படி இருக்கான்னு பார்த்துச் சொல்லு. சொன்னதும் போயிடறேன்."

கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். புகையில் கண் எரிந்தது. குழந்தை சனோபர் மடியில் கிடந்தது. அதற்குள் ஒரு தரம் கண்ணைத் திறந்திருந்தது. ஆனால் அம்மாவைப் பார்க்கவில்லை.

"முழிச்சிருக்கா," என்றேன் திரும்பி வந்து. "ஆனா சொருகிச் சொருகிப் போவுது. கை நடுங்குது, மஷ்தி. காத்துல எதையோ பிடிக்கிற மாதிரி..."

"என்ன?"

"கையை ஆட்டுறா. அப்புறம் அந்தக் கையைத் தானே பிடிக்கப் பாக்குறா. அதுக்குப் பின்னாடி ஏதோ வர்ற மாதிரி."

பராத் சுவரிலிருந்து நெற்றியை எடுத்தார். மண் ஒட்டியிருந்தது.

"வாந்தியில என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியல."

"பாரு!"

"என்னை உள்ள விட மாட்டாங்க. பொம்பளைங்க இருக்காங்க. நீயே போய்ப் பாரு."

"நான் பார்த்தா செத்துடுவா."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன். சின்ன வயதில் அவரைக் கண்டால் நான் தெரு மாறியிருக்கிறேன். அவர் கண் என்மேல் ஒரு தரம்கூடப் பட்டதில்லை என்பதில் உள்ளூர ஒரு நிம்மதி எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும், "பார்க்கலேன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் போனார். நடக்கும்போது தடுக்கினார், அவருடைய வீட்டு வாசற்படியே அவருக்குப் புதிதாக இருந்தது மாதிரி. பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"வெளிய போ! முகத்தை மூடிக்கோ, மஷ்தி!"

"அல்லாவுக்குப் பயந்துக்கோய்யா! முட்டை உன் பேர்லதான் உடைஞ்சுது!"

பீபி ஹாஜர் தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தாள். இன்னொருத்தி தன் முக்காட்டை உருவிக் குழந்தை முகத்தின் மேல் போட்டாள். பராத் தணல் சட்டியைப் புறங்கையால் தள்ளினார், கை சுட்டிருக்கும். மண்டியிட்டார். முகத்தை மூடியிருந்த துணியை எடுத்தார்.

பார்த்தார்.

சஃபரின் மனைவி தன் கண்ணைப் பொத்திக்கொண்டாள். சனோபர் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடி விழப்போகிறது என்று காத்திருப்பவள் போல.

அவர் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுக் கன்னத்தின் உட்புறத்தை வழித்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தில் பழுப்பாக, கோணல்மாணலாக, பொடி மணல் போல நாலைந்து விதை. பிறகுதான் தலை நிமிர்ந்து தூளிக்கு மேலே பார்த்தார். தன் வீட்டுத் தூளியை அவர் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தரம். கூரை மாதிரி தொங்கிய சரங்களில் பாதியில் காய்கள் மூன்றாகப் பிளந்து, வாய் திறந்து, உள்ளே வெறுமையாக இருந்தன. தூளித் துணியின் மடிப்பில் விதை சிதறிக் கிடந்தது.

"இது பழுத்த காய், சனோபர்."

"பச்சை தீர்ந்துடுச்சு." என்றாள். "நீதானே இன்னொரு சரம், இன்னொரு சரம்னு... மூட்டையிலேர்ந்து எடுத்துக் கோத்தேன். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமே மஷ்தி. ஒரே ஒரு தரம்."

"தூங்க விடாதே. தூங்கினா எழுந்திருக்க மாட்டா. யதுல்லா! வண்டியை எடு!"

அவர் அப்படிக் கத்தி ஊர் கேட்டதில்லை.

வண்டியில் நான் முன்னால், நடுவில் பராத் குழந்தையோடு, கடைசியில் சனோபர். நகரத்துக்குப் போகும் பாதை அப்போது தார் காணாதது. உப்புத் தரையில் சக்கரம் வழுக்கும். வேகமாகப் போனால் விழுவோம், மெதுவாகப் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. மேலே போட்டிருந்த கம்பளியால் காற்றை மறைத்துக்கொண்டு அவர் குழந்தையை எனக்கும் தனக்கும் இடையில் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். பக்கக் கண்ணாடி ஒன்று உடையாமல் இருந்தது. அதில் அவர் முகமும் குழந்தையின் முகமும் தெரிந்தன.

"என்னைப் பாரு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். "அப்பாவைப் பாரு, கண்ணு. இங்க பாரு. மூடாதே. மூடாதே. என்னைப் பாரு."

குழந்தையின் தலை சாயும். அவர் கன்னத்தைத் தட்டுவார், காதில் ஊதுவார், ஆடு மாதிரி கத்துவார், ஒட்டகம் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். அந்தச் சாம்பல் நீலக் கண்கள் ஒரு கணம் திறக்கும். அவருடைய கண்களே எதிரே ஒரு சின்ன முகத்தில் இருந்தன. நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார் என்பது அவர் குரல் ஒரு கணம் நின்றதில் தெரிந்தது. பிறகு மறுபடி, "என்னைப் பாரு."

கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பாதையைப் பார்த்து ஓட்டினேன். குரல் கேட்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மேட்டில் குரல் நின்றது. சனோபர், "மஷ்தி!" என்று அலறினாள். வண்டி ஒரு பக்கம் இழுத்தது. குழந்தை என் முதுகெல்லாம் வாந்தி எடுத்தது. சூடாக இருந்தது. வாழ்நாளில் அதைவிட நிம்மதியான ஈரத்தை நான் உணர்ந்ததில்லை.

மருத்துவமனையில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டுப் பக்கத்திலேயே ஒரு நர்ஸை உட்காரவைத்தார்கள். நாங்கள் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். பராத் பழக்கப்படி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"நான் சொன்னேனா?"

"என்ன?" என்றாள் சனோபர்.

"மாஷா அல்லா. அவளைப் பார்த்தப்போ. எவ்வளவு நேரம் பார்த்தேன். அழகா இருக்கான்னு நினைச்சேன், சனோபர். நினைச்சுட்டேன். சொன்னேனா?"

"நான் சொன்னேன்."

"எப்போ?"

"வழி பூரா. உனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். இன்ஜின் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

எனக்கும் கேட்டிருக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பிச் சாட்சி கேட்கவும் இல்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்கான அழைப்பு முடிந்த நேரத்தில் உள்ளே ஒரு அழுகை கிளம்பியது. கோபமான, பசித்த, முழு அழுகை. சனோபர் எழுந்து ஓடினாள். பராத் எழவில்லை. உட்கார்ந்தபடியே கோட்டில் மிச்சமிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பினோம். சரங்களையெல்லாம் சனோபர் அவிழ்த்து அடுப்பில் போட்டாள். பீபி ஹாஜர் வெற்றியோடு சுற்றினாள்: "முட்டை சரியாத்தானே சொல்லுச்சு? அப்பன் கண்ணுதான். போட்டவனே எடுத்தான். அதான் பிழைச்சா." விதையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தோம். எந்த வீட்டுத் தூளியிலிருந்தும் சரம் இறங்கவில்லை. பராத் வாசல் வாசலாகப் போய், தரையைப் பார்த்துக்கொண்டே, "பச்சைக் காயா, பழுத்த காயா?" என்று மட்டும் கேட்டார். பழுத்ததாக இருந்தால் கழற்றி வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர்களில் கேட்டு வாங்கிய பச்சைச் சரம் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் அவர் போன பிறகு புகை போட்டார்கள்.

அடுத்த வருஷம் நெகார் நடக்கத் தொடங்கியிருந்தாள். அதற்குள் அவள் கண்ணை ஊர் பார்த்துவிட்டது. நேராகப் பார்த்துச் சிரிக்கிற குழந்தை. அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. ரொட்டி அடுப்பு வரிசையில் ஒரு காலை. பராத்தின் தோளில் நெகார், பின்னால் திரும்பி எல்லோரையும் பார்த்துக்கொண்டு. நான் இரண்டு பேருக்குப் பின்னால் நின்றேன். எனக்கு முன்னால் சஃபர். அவனுடைய மகனுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். சஃபரின் கை உயர்ந்தது. கைக்குள் கத்தரிக்கோலின் நுனி. வழக்கம்போல் கோட்டுக்குப் போகும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மேலே போயிற்று. நெகாரின் பாவாடை ஓரத்தைப் பிடித்தது.

நெகார் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பராத் திரும்பினார்.

பாதி இல்லை, முழுசாக. தலையை நிமிர்த்தி, சஃபரின் முகத்தை நேராகப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவன் செருப்பை மட்டுமே தெரிந்தவர். வரிசை சுவரோடு ஒட்டிக்கொண்டது. யாரோ சாகப்போகிறவர் மாதிரி கலிமா சொன்னார்கள். கத்தரிக்கோல் கல்லில் விழுந்த சத்தம் கேட்டது. சஃபர் ரொட்டியை விட்டுவிட்டு நடந்தான், சந்து முனையில் ஓடினான்.

அதற்குப் பிறகு நெகாரின் துணியில் யாரும் கை வைத்ததில்லை.

சஃபர் கடையைத் திறக்கவில்லை. தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டான். நான் மண்ணெண்ணெய் இறக்கப் போகும்போதெல்லாம் பராத் வைக்கோல் அறை வாசலில் காத்திருப்பார்.

"சஃபர் எப்படி இருக்கான்?"

"கஞ்சி குடிக்கிறானாம்."

"கால் வலின்னு ஏதாவது சொன்னானா? தொண்டை?"

"ஒண்ணும் இல்ல மஷ்தி. பயம்தான்."

"பையன்?"

"காய்ச்சல் விட்டுடுச்சு. தெருவுல ஓடுறான்."

அவர் நம்பவில்லை. ஒரு நாள் மதியம் அவர் சஃபர் வீட்டு வாசலுக்குப் போவதைப் பார்த்தேன். கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். சஃபரின் மனைவி கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். பராத் தன் கோட்டின் விளிம்பை இழுத்து, சனோபர் அந்த வாரம்தான் தைத்திருந்த மஞ்சள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதோடு ஒரு பொட்டலம் இஸ்பந்தையும் சேர்த்து, கையைப் பின்னால் நீட்டினார்.

"புகை போடு, தங்கச்சி," என்றார். "நல்ல விதை. நானே அறுத்தது."